‘இரக்கமுள்ள மைதானம்’: ஓர் அகராதி ஆப்போடு ஆறு மாதம்

திருவையாறு தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வாரிசு சான்று, முதியோர் பென்ஷன் என்று வருவதெல்லாம் தமிழ் மனு. இங்கிலீஷில் அடிக்கச் சொன்னால்தான் கை நடுங்கும். அதற்காகத் தை மாதம் போனில் ஏற்றியது இந்த இங்கிலீஷ்-தமிழ் அகராதி ஆப். குறை சொல்லப் போகிறேன், அதனால் பெயர் போடவில்லை. வம்பு வேண்டாம்.

ஆப்பின் லட்சணம் ஒரே வார்த்தையில் தெரிந்துபோனது. ரயில்வேயில் டிராக்மேனாக இருந்தவர் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். வாரிசு வேலை கேட்டு விண்ணப்பம் அடிக்க அவர் மனைவி வந்தார், ப்ளஸ் டூ முடித்த மகளோடு. தமிழக அரசு வேலை என்றால் ‘கருணை அடிப்படையில்’ என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவேன். ரயில்வேக்கு அது ‘கம்பேஷனேட் கிரவுண்ட்’.

“அதென்னக்கா கிரவுண்டு? பந்து விளையாடுற எடமா?”

சிரித்துக்கொண்டே அந்த இரண்டு வார்த்தையையும் ஆப்பில் போட்டேன். ‘இரக்கமுள்ள மைதானம்’ என்று வந்தது. அந்தம்மா கேட்டதில் தப்பே இல்லை!

கம்பேஷன் என்று தனியாகத் தேடினால் இரக்கம், கருணை, பரிவு, அனுதாபம், தயவு என்று வரிசையாகக் கொட்டுகிறது. எதை எங்கே போடுவது என்று ஒரு வரி கிடையாது. கீழே பிட்டி, சிம்பதி, எம்பதி மூன்றையும் ஒரே கட்டத்தில் அடைத்து ‘ஒரே பொருள்’ என்கிறது. இதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிட்டி என்பது நம்ம ‘ஐயோ பாவம்’. திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். கம்பேஷன் வந்தால் திண்ணையை விட்டு இறங்கி ஏதாவது செய்யத் தோன்றும். ஆப் சொல்லாததை அந்தம்மா சொன்னார்: “பாவம்னு பாத்துக் குடுங்கன்னு எழுதிடாதீங்கக்கா. அவரு இருவத்திரெண்டு வருசம் தண்டவாளத்துல வெயில்ல நின்னாரு. அதுக்குக் கேக்குறோம்.”

மகள் தன் பங்குக்கு ஒரு தாள் எழுதி வந்திருந்தாள். ‘நர்ஸிங் படிப்பதில் எனக்குக் கம்பேஷன் உண்டு’ என்று இங்கிலீஷில். அவள் சொல்ல வந்தது பேஷன், அதாவது தீராத ஆசை. கம்பேஷனுக்குப் பின்னால் ‘ஃபார்’ போட்டு ஒரு ஆளையோ உயிரையோ சொல்ல வேண்டும், படிப்பை இல்லை. இந்த இடத்தில் மட்டும் ஆப்பின் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் கைகொடுத்தன.

உருப்படியான பகுதி என்றால் சொல் வரலாறுதான். லத்தீனில் ‘கூட’, ‘துன்பப்படு’ என்ற இரண்டும் சேர்ந்து, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்கு வந்ததாம். எம்பதி நேற்றுப் பிறந்த பிள்ளை. 1909இல் டிட்ச்னர் என்ற உளவியலாளர் ஒரு ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக உண்டாக்கியது. படித்ததும் பூண்டி மாதா கோயில் பக்கத்துத் தோழி ஞாபகம் வந்தாள். தவக்காலத்தில் ‘ஆண்டவருடைய பாடுகள்’ என்பாளே, அந்தப் பாடுதான் இங்கிலீஷில் பேஷன். அப்படியானால் கம்பேஷன் உடன்பாடு! ஆனால் விண்ணப்பத்தில் உடன்பாடு என்று அடித்தால் நிலத்தகராறு சமரசம் என்று நினைத்துவிடுவார்கள்.

இன்னொரு ஆதங்கம். குறளில் 58ஆவது அதிகாரம் கண்ணோட்டம். கண்ணெதிரே நிற்பவருக்காக மனம் இளகுவதை வள்ளுவர் அப்படிச் சொல்கிறார். இந்த ஆப்பில் அது ‘பார்வைக் கோணம்’ மட்டும்தான்.

விளம்பரத் தொல்லை உண்டு. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நகைக்கடை வந்து நிற்கும். நெட் இல்லாமல் ஓடுவது பெரிய சௌகரியம். இங்கே கரண்ட் போனால் டவரும் போய்விடும். உச்சரிப்புக் குரல் தெளிவு. ‘பே’யில் அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மைதானம் இல்லாவிட்டால் நாலு கொடுத்திருப்பேன்.

விண்ணப்பத்தில் கம்பேஷனேட் கிரவுண்ட் அப்படியே இருக்கிறது, படிவத்தில் அதுதான் செல்லும். முதல் பத்தியில் இருபத்திரண்டு வருடத்தைச் சேர்த்தேன். மூன்று பக்கத்துக்குத் தொண்ணூறு ரூபாய். “பொறவு குடுங்க” என்றேன். அந்தம்மா சுருக்குப்பையை அவிழ்த்து, எண்ணி மேசையில் வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.