பழைய எம்ஹாக் ஸ்கார்பியோவைக் கொடுத்துவிட்டு 2018 எஸ்11 எடுக்கலாமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் 2009–2013 எம்ஹாக் (மஹிந்திராவின் டீசல் எஞ்சின்) ஸ்கார்பியோ இன்னும் நிறையவே ஓடுகிறது. அவற்றில் பலவற்றுக்கு இப்போது ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 ஆண்டு முடிகிறது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும் முன் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதற்கே செலவு செய்வதா, 2018 வாக்கில் வந்த ஸ்கார்பியோ மாடல்களான எஸ்7 அல்லது எஸ்11-ஐ செகண்ட் ஹேண்டில் எடுப்பதா?

எஞ்சினை மட்டும் பார்த்தால் மாற்றத் தேவையில்லை. 2179 சிசி, 120 குதிரைத் திறன், டைமிங் செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டி என்றால் எஞ்சினைத் திறக்காமலே பல லட்சம் கிலோமீட்டர் ஓடும். கிளட்ச் செட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஷாக் எல்லாமே உள்ளூர்ப் பட்டறையில் முடிகிற வேலை. டர்போ, இன்ஜெக்டர் இரண்டும்தான் பெரிய செலவு. அவற்றையும் சோதித்துப் பார்த்தபின் பேசலாம்.

முதல் சோதனை இன்ஜெக்டர். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி நான்கு சிறிய பாட்டில்களில் விட்டு, வண்டியை ஐடிலில் ஓட விடுங்கள். நான்கிலும் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஏற வேண்டும். ஒன்று மட்டும் வேகமாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் போய்விட்டது. அதை மட்டும் சரிசெய்தால் போதும், நான்கையும் மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம். அடுத்து, சூடான எஞ்சினில் ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, அதே இடத்தில் சும்மா வையுங்கள். மூடி குதித்துப் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் பழைய வண்டியில் மேற்கொண்டு பணம் போடுவது வீண்.

எஞ்சின் நன்றாக இருந்தால் பார்க்க வேண்டியது சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். வண்டியை லிஃப்டில் ஏற்றி, லோயர் ஆர்ம் மாட்டும் இடத்தில் விரிசலோ வெல்டிங் போட்ட தடமோ இருக்கிறதா, பாடி மவுண்ட் ரப்பர் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கம் கடல் காற்று கிடையாது, அதனால் துரு குறைவு. சென்னையில் ஓடிய வண்டிக்கும் இங்கேயே ஓடிய வண்டிக்கும் அடிப்பாகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சேஸிஸும் எஞ்சினும் சரியாக இருந்தால் படிவம் 25 கொடுத்து, எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி ஆர்.சி.யை இன்னும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம்.

மைலேஜுக்காக வண்டி மாற்றுவதாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டம், பழையது 11, புதியது 13 கொடுக்கிறது என்று வைத்தால் மிச்சமாவது 210 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்றால் சுமார் 19,500 ரூபாய். பழையதை விற்றது போக வித்தியாசத் தொகை 6 லட்சத்தை 13 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 13,650. முதல் ஆண்டு வட்டி மட்டுமே 72,000-ஐத் தாண்டும். டீசலில் மிச்சம் பிடித்து இதை ஈடுகட்டவே முடியாது.

மாற்றுவதற்கு நியாயமான காரணம் பாதுகாப்பு. பழைய ஸ்கார்பியோவில் ஏபிஎஸ்ஸும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) ஏர்பேக்கும் மேல்மட்ட மாடல்களில்தான் கிடைத்தன. குடும்பத்தோடு அடிக்கடி தொப்பூர் கணவாயில் இறங்குபவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. எஸ்11-ல் இரண்டும் உண்டு. 140 குதிரைத் திறன், 320 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் என்பதால் ஏற்றத்தில் லாரியைத் தாண்டவும் நல்ல இழுவை. எஸ்7 மட்டும் 120, 140 இரண்டிலும் வந்தது, ஆர்.சி.யையும் கியர் லிவரையும் (ஐந்து கியரா, ஆறா என்று) பார்த்து உறுதி செய்யுங்கள். ஆனால் 2016-ல் குளோபல் என்கேப் (கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் அமைப்பு) சோதித்த, ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவுக்குக் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். ஐந்து நட்சத்திரம் வாங்கியது 2022-ல் வந்த ஸ்கார்பியோ-என். எஸ்11-ஐ அந்த வரிசையில் வைத்துப் பார்க்கக் கூடாது.

புகை மாசு விதிப்படி பிஎஸ்4-ஆ, 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6-ஆ என்பதை உங்கள் ஓட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பிஎஸ்6-ல் டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரி எரிய வேண்டுமானால் வண்டி 15, 20 நிமிடமாவது நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். பென்னாகரத்திலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடினால் கரி எரிவது பாதியிலேயே நின்றுபோகும், டீசல் ஆயிலில் கலக்கும், டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறும். வாரா வாரம் ஓசூர், பெங்களூர் போகிறவருக்கு இந்தத் தொல்லை வராது. வாங்கும்போது சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். டிபிஎஃப் ஒழுங்காக இருந்தால் விரலில் கரி ஒட்டாது. கன்னங்கரேலென்று ஒட்டினால் உள்ளே இருப்பதை உருவி எடுத்திருக்கலாம்.

பார்க்கப் போகும் நாளில் வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் குறை தெரியும்: நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டர் அல்லது ஹெட் கேஸ்கெட்டில் கோளாறு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2022 பெங்களூர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் மூழ்கிய வண்டிகள் கைமாறி இங்கேயும் வரலாம். கார்பெட், புது சீட் கவர் எல்லாம் மாற்றிவிடுவார்கள், பெல்ட்டின் அடி நுனியை யாரும் கழுவுவதில்லை.

டெஸ்ட் டிரைவை ஊருக்குள் சுற்றி முடிக்காதீர்கள். தொப்பூரில் பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து, மூன்றாவது கியரில் இறங்கும்போது மிதமாக பிரேக் பிடியுங்கள். ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. திரும்பி ஏறும்போது ஏசி போட்டு நான்காவது கியரில் இழுங்கள். வெப்ப முள் நடுவிலேயே நிற்க வேண்டும். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது, அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பெங்களூர் வண்டி மலிவு என்று சொல்லும்போது வரியையும் கூட்டிப் பாருங்கள். கே.ஏ. (கர்நாடக) பதிவு எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), படிவம் 27-ல் புது எண், அதோடு வண்டியின் விலைக்கும் வயதுக்கும் ஏற்பத் தமிழ்நாட்டு ஆயுள் வரி. கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக்காலப் பங்கை விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம், கைக்கு வர நாளாகும். இவற்றைக் கூட்டினால் நம் பக்கத்து டி.என். 24, 29, 70 எண்ணில் கிடைக்கும் வண்டியே பெரும்பாலும் லாபம். டெல்லியிலிருந்தும் பழைய டீசல் வண்டி மலிவாக வரும். அதற்கும் இதே கணக்குதான்.

விலை படிந்தால் முன்பணத்தோடு நிறுத்துங்கள். பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி, அபராதச் சலான் மூன்றையும் பார்த்து, கடன் இருந்தால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35, பிறகு பெயர் மாற்றத்துக்கான 29, 30 எல்லாம் கைக்கு வந்தபின் மீதியைக் கொடுங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்ற விண்ணப்பியுங்கள். தவறினால் உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கு கிளெய்ம் கிடைக்காது. பழைய ஓனரின் ஃபாஸ்டேக்கை கிருஷ்ணகிரி டோலுக்குப் போகும் முன்பே மூடச் சொல்லிவிடுங்கள்.