பாணா புட்டா, சோசேஜா வத்தலா: குடலிட்டக் கேட்டா என்ன சொல்லும்?

விடிய ஆறரைக்கு பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ எங்கட ஒழுங்கைக்க திரும்பினா வீட்டில சண்டை ரெடி. சின்னவன் சோசேஜ் பணிஸ் கேப்பான், அம்மா அடுப்படிக்க நிண்டு "உந்தக் கண்டறியாததுகளைத் திண்டுதான் இப்ப ஊரெல்லாம் கான்சர்" எண்டு கத்துவா. சித்தப்பாவுக்கு பெருங்குடலில வந்த பிறகு நானும் இதைப் பற்றிக் கனக்க வாசிச்சன். அம்மா சொல்றது பாதி சரி. மற்றப் பாதி அவவுக்குப் பிடிக்காது.

பாணும் குரக்கன் புட்டும்

இதில அம்மா வெண்டிட்டா. வெள்ளைக் கோதம்பை மா 100 கிராமில நார்ச்சத்து மூண்டு கிராமுக்குள்ளதான், குரக்கன் மாவில 11 கிராம் வரும், கல்சியமும் 350 மில்லிகிராம் கிட்ட இருக்கு. நார் எண்டா மலச்சிக்கலுக்கு மட்டும் எண்டுதான் நானும் நினைச்சிருந்தன், அப்பிடியில்லை. எங்களால சமிக்கேலாத நாரை பெருங்குடலில இருக்கிற கிருமியள் நொதிக்க வச்சு பியூட்டிரேட் எண்டொரு அமிலத்தை உண்டாக்குது, குடல் சுவரில இருக்கிற கலங்களுக்கு அதுதான் சாப்பாடு, அழற்சியையும் அதுதான் அடக்கி வைக்குது. அழற்சி எண்டா காயம் பட்ட இடம் சிவந்து வீங்கிற மாதிரித்தான், ஆனா குடலுக்குள்ள நோ தெரியாம வருசக்கணக்கா எரிஞ்சுகொண்டிருக்கும், கலங்கள் திரும்பத் திரும்பப் பிரிஞ்சு புதுப்பிக்கேக்க பிழையள் கூடும், அந்தப் பிழையில ஒண்டு முத்தினாத்தான் புற்று. பெருங்குடல் புண் அழற்சி வருத்தக்காரருக்கு குடல் புற்று கூட வாறதும் இதாலதான்.

இதைச் சோதிச்சுப் பாத்த ஒரு ஆய்வு 2015இல வந்தது. அமெரிக்காவில பிட்ஸ்பேர்க்கில இருக்கிற ஆபிரிக்க அமெரிக்கர் 20 பேரையும் தென்னாபிரிக்காக் கிராமத்தில 20 பேரையும் பிடிச்சு ரெண்டே ரெண்டு கிழமைக்கு சாப்பாட்டை மாத்திக் குடுத்தினம். அமெரிக்கருக்கு நாளுக்கு 55 கிராம் நாரோட சோளக்களி அவரை எண்டு போச்சு, கிராமத்தாருக்கு பேர்கரும் பொரியலும், நார் வெறும் 12 கிராம். ரெண்டு கிழமையில அமெரிக்கற்ற குடலில அழற்சி அடையாளங்கள் இறங்கி பியூட்டிரேட் ரெண்டரை மடங்கு ஏறிச்சுது, மற்றப் பக்கம் அப்பிடியே தலைகீழ். ரெண்டு கிழமையில ஆருக்கும் கான்சர் வரவுமில்லை மாறவுமில்லை, அடையாளங்கள்தான் மாறினது, அதைப் பெருப்பிச்சுச் சொல்லக் கூடாது. எண்டாலும் ரெண்டு கிழமை எண்டது எனக்குப் பெரிய விசயமாத்தான் பட்டுது.

ஒரு குறை இருக்கு. எங்கட வீட்டுக் குரக்கன் புட்டில பாதி அவிச்ச கோதம்பை மா. தனிக் குரக்கன் எண்டா குழைக்கேக்க பதம் பிசகி கட்டிபட்டிடும் எண்டு அம்மா குரக்கன் ரெண்டு சுண்டுக்கு கோதம்பை ஒரு சுண்டு எண்டு தொடங்கி இப்ப சரிக்குச் சரி வந்து நிக்குது. நிறம் மட்டும் குரக்கன். கீரை அரிஞ்சு போட்டு அவிச்சா பதமும் வருது, மாவும் குறையுது, நாங்கள் இப்ப முருங்கையிலை போடுறம்.

சோசேஜும் வத்தலும்

இதிலதான் அம்மாவுக்குக் கோவம் வந்தது. 2015 ஒக்ரோபரில உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு முகவரகம் பதனிட்ட இறைச்சியை முதலாம் பிரிவில போட்டுது, புகையிலை இருக்கிற அதே பிரிவு. ஆனா புகையிலை அளவுக்கு மோசம் எண்டு அர்த்தமில்லை. கான்சர் வரப்பண்ணும் எண்டது எவ்வளவு நிச்சயம் எண்டதைத்தான் அந்தப் பிரிவு சொல்லுது, எவ்வளவு பலமா வரப்பண்ணும் எண்டதை இல்லை. நாளுக்கு 50 கிராம் திண்டா குடல் புற்று ஆபத்து 18 வீதம் கூடும் எண்டாங்கள். 100 பேரில 5 பேருக்கு வாற இடமெண்டா 6 பேர் கிட்டப் போகும், அவ்வளவுதான், 5ஓட 18ஐக் கூட்டி 100க்கு 23 எண்டு விளங்கிக்கொண்டு அலறுறவையும் இருக்கினம்.

பதனிட்டது எண்டா என்ன எண்டு பாத்தாத்தான் சிக்கல்: உப்புப் போட்டது, புளிக்க வச்சது, புகை போட்டது எல்லாம் அதுக்குள்ளதான். எங்கட வன்னி வத்தலை யோசிச்சுப் பாருங்கோ. இறைச்சியை நீட்டு நீட்டா வார்ந்து உப்பும் மஞ்சளும் பிரட்டி ரெண்டு மூண்டு நாள் கொடியில காயவிட்டு பிறகு அடுப்புக்கு மேல புகையில தொங்கவிடுறம். ஒட்டுசுட்டான் பக்கம் ஆரும் சொந்தக்காரர் வீட்டை போனா தேங்காயெண்ணையில பொரிச்சு வைப்பினம், சோத்துக்கு வேற கறி தேவையில்லை. (மரை, மான் எண்டா அது சட்டப்படி குற்றம், அது வேற கதை.) பேக்கரி சோசேஜில பழுதாகாம இருக்க நைற்றைற்று எண்ட உப்பைப் போடுறாங்கள், எங்கட வத்தலில அது இல்லை, உண்மை. ஆனா சிவப்பிறைச்சியில இருக்கிற ஹீம் இரும்பு குடலுக்குள்ள புற்றுக்கு வழிவைக்கிற நைத்திரோசோச் சேர்வையள் உண்டாக உதவுது, புகையிலும் கருகப் பொரிக்கிறதிலும் வேற நஞ்சுகள் சேருது. பாட்டன் பூட்டன் செய்தது எண்டதுக்காக குடல் சலுகை குடுக்காது.

வித்தியாசம் எங்க எண்டா, வத்தல் எங்களுக்கு வருசத்தில நாலஞ்சு தரம், சோசேஜ் கிழமைக்கு நாலு தரம். அதால என்ர வீட்டில முதல் நிப்பாட்டினது சோசேஜ். அந்த இடத்துக்கு இரணைமடுக் குளத்து ஜப்பான் மீன் (திலாப்பியா) வந்திட்டுது, விரால் கிடைச்சா விரால். மீன் குடல் புற்றைத் தடுக்கும் எண்டதுக்கு சான்று அவ்வளவு பலமில்லை, நான் அதுக்காக வாங்கேல்லை, சோசேஜ் நிண்ட இடத்தை நிரப்பத்தான். சாதாரண ஆட்டிறைச்சி மாட்டிறைச்சி எண்டா சமைச்ச நிறையில கிழமைக்கு 350 முதல் 500 கிராமுக்குள்ள நிப்பாட்டச் சொல்லினம், எங்களுக்கு அந்த அளவு வாறதே கஷ்டம், காசு வேணுமே.

கள்ளும் சாராயமும்

கள்ளு குளிர்ச்சி, வயித்துக்கு நல்லம் எண்டு தவறணையடியில சொல்லாத ஆளில்லை. ரெண்டிலும் இருக்கிறது எதனோல் எண்ட மதுசாரம்தான். உடம்பு அதை அசற்றல்டிகைட்டா மாத்துது, அது மரபணுவைச் சேதப்படுத்துது. சாராயத்தில கூட, கள்ளில குறைய, ஆனா ஒரு பிளாவோட (ஓலைக் கோப்பை) எழும்பி வாறவை ஆர் எண்டும் பாக்கோணும்.

மஞ்சள் குளிசையும் தயிரும்

கனடாவில இருந்து மாமி மஞ்சள் குளிசை ரெண்டு போத்தல் அனுப்பினவ, அழற்சிக்கு நல்லமாம். மஞ்சளில குர்க்குமின் மூண்டு வீதம் அளவுதான், அதையும் உடம்பு சரியா உறிஞ்சாது, குளிசையா அளவு கூட்டிக் குடிச்சு ஈரல் பழுதான ஆக்களும் பதிவில இருக்கினம். கறிக்குப் போடுற மஞ்சள் இருக்கட்டும், குளிசை அலுமாரிக்க இருக்கட்டும். இதுக்கு எதிரா நான் வைக்கிறது எருமைத் தயிர் ஒரு சட்டி. பால் சாமான்கள் குடல் புற்று ஆபத்தைக் குறைக்கும் எண்டதுக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கு, அதில இருக்கிற கல்சியம் பித்த அமிலங்களைக் குடலுக்குள்ளயே கட்டிப் பிடிக்கிறதுதான் காரணம் எண்டு சொல்லினம். சீனி அள்ளிக் கொட்டாம சாப்பிட்டாச் சரி.

மூலமா, வேறயா

சாப்பாட்டை விட எனக்கு இதுதான் முக்கியம். சித்தப்பாவுக்கு ரத்தம் போகத் தொடங்கி ஏழு மாசம் மூலம் எண்டே நினைச்சு எண்ணை பூசினவர், கருணைக்கிழங்கு சாப்பிட்டவர். குடலில சின்ன முளையா வாறது புற்றா மாற பத்து வருசம் அளவில எடுக்கும், அதுக்குள்ள பிடிச்சா கமராவை விட்டே வெட்டி எடுத்திடலாம். ரத்தம் போறது மூலமாவும் இருக்கலாம் இதாவும் இருக்கலாம், வெளியில நிண்டு பாத்துப் பிரிக்கேலாது. மலம் போற பழக்கம் ஒரேயடியா மாறினாலும், வயசான ஆம்பிளைக்கு காரணமில்லாம இரும்புச்சத்துக் குறைஞ்சு ரத்தம் வத்தினாலும் காட்டத்தான் வேணும். குடும்பத்தில ஆருக்கும் இருந்தா இன்னும் வேளைக்கு, அதால அடுத்த மாசம் அப்பாவைக் கொண்டுபோறம், அவர் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை.

சித்தப்பாவுக்கு ஒப்பரேசன் முடிஞ்சு இப்ப மூண்டு மாசத்துக்கு ஒருக்கா தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில போய் வாறார், வரேக்க கொடிகாமம் சந்தையில இறங்கி மாம்பழம் வாங்கிக்கொண்டு.