ரீவி றெக்கோடரில் சந்தாப் பாட்டு: யாழ்ப்பாண வீட்டுக்கு எது சரிவரும்?

கனடாவிலிருந்து பெட்டியில் வந்திறங்கும் பழைய ரீவோ (அமெரிக்க ரீவி றெக்கோடர்), டிஷ்ஷோடு பூட்டிய யூஎஸ்பி றெக்கோடிங் றிசீவர், கடையில் வாங்கும் அன்ரொயிட் ரீவி பொக்ஸ். யாழ்ப்பாணத்து வீடுகளில் ரீவிக்குக் கீழே பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் இருக்கும். மூன்றுக்கும் நெற் கொடுக்கலாம். ஆனால் மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கிற வேலைக்கு உதவுவது மூன்றாவது மட்டும்தான். அதையும் ரீவியின் ஸ்பீக்கரோடு விட்டுவிட்டால் சந்தாக் காசு வீண்.

முதலில் ரீவோ. ரீவி றெக்கோடரிலேயே சந்தா இசை என்ற யோசனையை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோன பெட்டிகளில் இதுவும் ஒன்று. 2007 ஒக்டோபரில் றப்சொடி என்ற சந்தா இசைச் சேவை இதில் வந்தது, மாதம் 12.99 டொலர் கட்டினால் கணினி இல்லாமலே ரீவி றிமோட்டால் பாட்டுத் தேடலாம். பிறகு வந்த மொடல்களில் பண்டோரா, ஸ்பொட்டிஃபை என்ற இசைச் சேவைகளும் சேர்ந்தன. றப்சொடி என்ற பெயரே 2016இல் நப்ஸ்ரர் என்று மாறிவிட்டது. ஆகவே பழைய பெட்டியின் மெனுவில் அந்தப் பெயரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

இங்கே அது படுகிற பாடு வேறு. அதன் ரியூனர் வட அமெரிக்க ஒளிபரப்புக்குச் செய்தது. நம்முடைய அன்ரெனாவும் டிஷ்ஷும் அதற்குப் புரியாது. நிகழ்ச்சி அட்டவணை அமெரிக்க, கனடிய தபால் குறியீட்டை வைத்துத்தான் இறங்கும். சேவைக் கட்டணம் செயலில் இல்லாவிட்டால் றெக்கோடிங்கும் இல்லை. பின்பக்க லேபிளில் 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால் நமது 230 வோல்ற்றில் நேரே குத்தியதும் பவர் சப்ளை போய்விடும்; ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். தனி அடப்ரரில் 100-240 என்று அச்சடித்திருந்தால் பின்னை மாற்றினால் போதும். அதோடு, நேரடி ஒளிபரப்பில் 30 நிமிடத்தை எப்போதும் பதிந்து வைத்திருக்கும்படி செய்த பெட்டி என்பதால் ஹார்ட் டிஸ்க் ஓயாமல் சுழலும். மெல்லிய ஆலாபனை கேட்கும்போது அந்த இரைச்சலும் கூடவே கேட்கும். அன்பளிப்பாக வந்தாலும் பாட்டுக்காக இதை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

யூஎஸ்பி றெக்கோடிங் உள்ள சற்றலைற் றிசீவர், இந்தியச் சனல்களைப் பதிந்து வைக்க நல்ல சாமான். மெனுவில் யூரியூப்பும் காட்டும். ஆனால் அதன் உள் மென்பொருள் மூடியது. விரும்பிய அப்பைப் போட முடியாது. யூரியூப் தன் பக்கத்தில் எதையாவது மாற்றினால், றிசீவர்க் கொம்பனி அப்டேற் விடும்வரை அந்த மெனுவும் செத்துக் கிடக்கும். அப்டேற் வராமலே போகிற மொடல்களும் உண்டு. ஸ்பொட்டிஃபையை இதில் தேடி நேரத்தைக் கெடுக்க வேண்டாம். பென் ட்ரைவை எஃப்ஏரி32 முறையில் ஃபோமற் செய்து எம்பி3 போட்டால் ஒழுங்காகப் பாடும், அவ்வளவுதான். ரெலிகொம் லைனில் வரும் பியோ ரீவியில் நிகழ்ச்சியைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி நல்லது. அதை இசைச் சந்தாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி அன்ரொயிட் பொக்ஸ். இங்கே எடுத்துக்கொள்வது ஷவோமியின் மி பொக்ஸ் எஸ். 2018இல் வந்த பழைய மொடல்தான். ஆனால் பாட்டுக் கேட்பவருக்கு அதில் ஒரு விசேஷம்: பின்பக்கத்தில் 3.5 மில்லிமீற்றர் ஓடியோ துளை. சாதாரண வயரைக் குத்தினால் அம்ப்ளிஃபயருக்கு நேரே போகும். சின்ன அடப்ரர் போட்டு, ஒலியை ஒளியாகக் கொண்டுபோகும் ஒப்ரிகல் வயரையும் அதே துளையில் குத்தலாம். ரீவிக்குப் பின்னால் தொங்கும் ஸ்ரிக் வகைகளில் எச்டிஎம்ஐ தவிர வேறு வழி இல்லை. விலை குறைவென்று ஸ்ரிக் வாங்கினால், ஒலியைப் பிரித்தெடுக்கும் கருவிக்கு இன்னொரு செலவு வரும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வயரில் நெற் கொடுக்கும் லான் துளை இல்லை. 8 ஜீ.பி. சேமிப்பில் பெரும்பகுதியைச் சிஸ்ரமே பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைக் கேஷ் (அப்ஸ் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள்) நிரப்பியதும் ஸ்பொட்டிஃபை திறந்த உடனே மூடும். செற்றிங்ஸில் அப்ஸ் பகுதிக்குப் போய் கேஷை மட்டும் அழித்தால் சரியாகிவிடும். டேற்றாவை அழித்தால் மறுபடி லொகின் செய்ய வேண்டும்.

பாட்டுத் தேடலை றிமோட்டில் செய்வது தண்டனை. தமிழ்ப் பாட்டுகள் இந்தச் சேவைகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் கிடக்கின்றன. இளையராஜா பெயரில் எந்த இடத்தில் இரட்டை ஏ வரும் என்று யோசித்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துவதற்குள் கேட்கிற ஆசை போய்விடும். ஃபோனில் தேடி, ஸ்பொட்டிஃபை கனெக்ற் குறியைத் தொட்டு, பொக்ஸைத் தெரிவு செய்யுங்கள். அதன் பிறகு பாட்டை இணையத்திலிருந்து எடுப்பது பொக்ஸ்தான். ஃபோன் வெறும் றிமோட். அழைப்பு வந்தாலும், ஃபோனோடு கடைக்குப் போனாலும் பாட்டு நிற்காது. புளூரூத் அப்படியல்ல. ஒலி ஃபோனிலிருந்து போகிறது, போகும்போது இன்னொரு தடவை சுருக்கப்படுகிறது. தவில் கேட்டால் வித்தியாசம் தெரியும்: வலந்தலையில் விரல்கூடு விழுகிற அந்தக் கூர்மை மழுங்கி, அடுத்தடுத்த தவில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஃபோனில் பொக்ஸின் பெயரே தெரியவில்லையா? பெரும்பாலும் ஃபோன் வைஃபையை விட்டு மொபைல் டேற்றாவில் நிற்கும். அடுத்த சந்தேகம், ரவுட்டரில் கெஸ்ற் வைஃபை. அதில் சேர்ந்த சாதனங்கள் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. வைஃபை எக்ஸ்ரென்டர் தனி ஐபி (நெற் முகவரி) வரிசை கொடுத்தாலும் இதே கதை. கறண்ட் போய் வந்த பிறகு பொக்ஸ் ரவுட்டரை முந்தி எழுந்துவிட்டால், பட்டியலில் வராமல் கிடக்கும். பொக்ஸை மட்டும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ரவுட்டருக்கு 12 வோல்ற் மினி யூபிஎஸ் வைத்திருந்தால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை. சுண்ணக்கல் சுவர் எழுப்பிய பழைய வீடுகளில் 5 கிகாஹேர்ட்ஸ் இரண்டாம் அறையைத் தாண்டத் திணறும். பாட்டுக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை, 2.4இலேயே விடுங்கள்.

ஒலி இணைப்பில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ரீவியின் ஒப்ரிகல் துளையிலிருந்து மலிவான கொன்வேர்ட்டர் வழியாகப் பழைய அம்ப்ளிஃபயரின் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளைகளுக்குக் கொடுப்பது வழக்கமான முறை. அந்தக் கொன்வேர்ட்டருக்குத் தெரிந்தது பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிற்றல் ஒலி) மட்டும். ரீவியோ பொக்ஸோ சுருக்கிய டொல்பி ஒலியை அனுப்பினால் ஒன்றுமே கேட்காது, அல்லது கரகரவென்று இரையும். கொன்வேர்ட்டர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்க முன்னர், இரண்டு செற்றிங்ஸிலும் டிஜிற்றல் ஓடியோவைப் பிசிஎம் என்று மாற்றிப் பாருங்கள்.

பாட்டு நின்ற இடைவெளியில் "ம்ம்ம்" என்று அடித்தொனி கேட்டால் அது 50 ஹேர்ட்ஸ் ஹம். டிஷ் வயரின் வெளிக்கவசமும் அம்ப்ளிஃபயரின் எர்த்தும் இரண்டு இடத்தில் நிலத்தைத் தொட்டு, நடுவில் வளையம் உண்டாகிறது. றிசீவரிலிருந்து டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் அதுதான். அம்ப்ளிஃபயருக்குப் போகிற இணைப்பை ஒப்ரிகலுக்கு மாற்றினால் வளையம் அறுந்துபோகும், ஏனென்றால் அதில் போவது ஒளி, செம்பு இல்லை. எர்த் பின்னை வெட்டுகிற வைத்தியத்தைச் சிலர் சொல்வார்கள்; செய்யாதீர்கள், உயிராபத்து. குருநகர், பாசையூர், வல்வெட்டித்துறை மாதிரிக் கடலோர வீடுகளில் ஆர்சிஏ பிளக்கில் பச்சை பிடிக்கும். ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடினால் முதலில் அங்கே பாருங்கள்.

ரீவியை அணைத்ததும் பாட்டும் நின்றால் அது எச்டிஎம்ஐ சிஈசி, அதாவது வயர் வழியாக ஒரு சாதனம் மற்றதை இயக்கும் வசதி. ரீவியோடு சேர்ந்து பொக்ஸும் அணைகிற அந்த ஒரு வசதியை நிறுத்திவிட்டால் போதும். அதன்பின் ரீவித் திரை இல்லாமலே 3.5 துளை வழியாக நாள் முழுக்கப் பாடும். இது முடியாவிட்டால் இந்த ஏற்பாட்டையே நான் பரிந்துரைக்க மாட்டேன். பாட்டுக் கேட்க 43 அங்குலத் திரையை எரிய விடுவது கறண்ட் பில்லுக்குச் செய்கிற அநியாயம்.

டேற்றாக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு: ஸ்பொட்டிஃபையின் காசு கட்டும் பிரீமியம் கணக்கில் விநாடிக்கு 320 கிலோபிற் தரத்தில் ஒரு மணிநேரம் 144 எம்.பி. போகும். தினம் மூன்று மணிநேரம் கேட்டால் மாதம் 13 ஜீ.பி. அளவு. இலவசக் கணக்கின் உச்சமான 160இல் அதில் பாதி. அதே பாட்டை யூரியூப்பில் வீடியோவாக ஓட விட்டால் பல மடங்கு. ரீவி அப்பில் பாட்டை இறக்கி வைக்க முடியாது என்பதால், நெற் அறுந்தால் பொக்ஸ் மௌனம். நாதஸ்வரம் என்.கே.பத்மநாதன், தவில் தட்சிணாமூர்த்தி போன்றவர்களின் கச்சேரி கசெற்றிலோ எம்பி3இலோ வீட்டில் இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். பென் ட்ரைவில் போட்டு அதே பொக்ஸில் விஎல்சி அப் மூலம் கேட்கலாம்.

கடைசியாகச் சந்தா. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 பெப்ரவரியில். இங்கேயே கணக்குத் திறந்து உள்ளூர் வங்கி அட்டையால் கட்டுவதுதான் தலையிடி இல்லாத வழி. ஒருவர் கணக்கில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாடும். கம்பஸ் ஹொஸ்ரலில் மகன் பிளே அமத்தினால் வீட்டு விறாந்தையில் பாட்டு நிற்கும். ஃபமிலி பிளானில் 6 பேர் வரை சேரலாம், ஆனால் எல்லோரும் ஒரே முகவரியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ரொறன்ரோச் சித்தப்பாவின் பிளானில் தொங்கினால் எப்போது கழற்றி விடுவார்கள் என்று சொல்ல முடியாது. அங்கே திறந்த இலவசக் கணக்கை இங்கே பொக்ஸில் போட்டாலும் வெளிநாட்டில் 14 நாளுக்குத்தான் ஓடும்.