உப்புக்காத்துல விஜய் சூப்பர்: பல வருஷம் ஓட்டுனவனோட அனுபவம்

பழைய இத்தாலி ஸ்கூட்டர் வச்சிருக்கவங்க நாலு பேர் கூடுனா மொத சண்டையே "உன்னோடது இத்தாலி மேக்கா, இந்தியா மேக்கா"ன்னுதான் ஆரம்பிக்கும். என்னோடது விஜய் சூப்பர், லக்னோல செஞ்சது, அதனால சில பேருக்கு அது கணக்குலயே வராது. நான் ஒத்துக்க மாட்டேன். மிலான்ல இன்னசென்டி கம்பெனி 1947ல லேம்ப்ரெட்டா போட ஆரம்பிச்சு 1971ல நிறுத்துனாங்க, அடுத்த வருஷமே நம்ம அரசாங்கத்தோட ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் மெஷினு, டை (பாகங்களுக்கு உருக் குடுக்குற அச்சு), பேரு எல்லாத்தையும் சேத்து வாங்கி லக்னோவுக்கு கொண்டாந்துட்டாங்க. அங்கேர்ந்து லேம்ப்ரெட்டா ஜிபி 150ன்னு வெளிநாட்டுக்கும் போச்சு, இங்லாந்துக்காரனே காசு குடுத்து வாங்குனான், நம்ம ஊர்ல அதே இஞ்சின் விஜய் சூப்பர்னு ஓடுச்சு. 1997 வாக்குல அதுவும் முடிஞ்சுபோச்சு. அதே டை, அதே குழாய் ஃப்ரேம், அதே 148 சிசி, இதுக்கு மேல என்ன இத்தாலி வேணும்?

நான் கீழக்கரைப் பக்கம். வண்டி மாமாவோடது, அவர் சவுதி போனப்போ வீட்டுல போட்டுட்டுப் போனது அப்புறம் எங்கிட்ட வந்துச்சு. மதுரை, கோயம்புத்தூர்ல வண்டி வச்சிருக்க ஆளுங்க சொல்ற பராமரிப்பு டிப்ஸ்ல பாதி இந்தக் கடற்கரைக்கு ஒத்து வராது, அதுக்காகத்தான் இதை எழுதுறேன். அவங்களுக்கு வெயிலும் தூசியும்தான் பிரச்சன. நமக்கு உப்பு. மண்டபம், உச்சிப்புளி, ஏர்வாடி, வாலிநோக்கம் எங்க இருந்தாலும் இதே கததான், ஆடி மாசம் கச்சான்னு சொல்ற தென்மேற்குக் காத்து ஏறுச்சுன்னா மணலும் உப்பும் சேந்து அடிக்கும், போர்டிகோவுல கவர் போட்டு மூடி வச்ச வண்டிதான் மொதல்ல துருப்பிடிக்கும், ஏன்னா கவருக்குள்ள ஈரம் போக வழியே இல்ல.

எங்கெங்க அரிக்கும்னா, ஃபுட்போர்டுல ரப்பர் பட்டை ஓடுதுல்ல, அதுக்கு அடியில தண்ணி தேங்கும், மேல பாத்தா பெயிண்ட் பளபளன்னு இருக்கும், பட்டையத் தூக்குனா அப்பளம் மாதிரி நொறுங்கும். அப்புறம் ஸ்டாண்டு மாட்டுற இடம், லெக் ஷீல்டு (காலுக்கு முன்னாடி மறைக்கிற தகடு) கீழ் விளிம்பு. இதையெல்லாம் விட மோசம் இஞ்சின ஃப்ரேமோட புடிக்கிற அந்த நீளமான போல்ட்டு. அந்த போல்ட்டு போற சைலன்ட் பிளாக்குங்கிற ரப்பர் புஷ்ஷுக்குள்ள துரு ஏறி இறுகிடுச்சுன்னா சம்மட்டி, பெனட்ரேட்டிங் ஆயில், கேஸ் சூடுன்னு எல்லாம் கேக்கும், சில நேரம் அறுத்துத்தான் எடுக்கணும். அலுமினிய கேசிங்குல இரும்பு ஸ்டட்டு இருக்குற இடம் எல்லாமே உப்புத் தண்ணி பட்டா ஒண்ண ஒண்ணு தின்னும், வெள்ளையா மாவு பூத்திருந்தா அதுதான் அறிகுறி. நான் வருஷத்துக்கு ஒருக்கா, மழைக்கு முன்னாடி, அந்த போல்ட்ட உருவி கிரீஸ் தடவி மறுபடி போட்டுருவேன். வேல பாதி நாள்தான், ஆனா செய்யாதவன் பாவம்.

இப்ப ரெஸ்டோரேஷன், அதாவது பழைய வண்டிய புதுப்பிக்கிற விஷயத்துக்கு வர்றேன். ஷோரூம்லேர்ந்து இப்பதான் எறக்குன மாதிரி இருக்கணும்னு ஒரு கூட்டம், பழைய பெயிண்ட் கீறலோட அப்படியே இருக்கணும்னு ஒரு கூட்டம். நான் முழுசா ரெண்டாவது கூட்டம், ரசனைக்காக இல்ல, பொழப்புக்காக. பட்டி பாத்து பெயிண்ட் அடிச்ச வண்டிய இங்க ரெண்டு மழைக்காலம் நிறுத்திப் பாருங்க, கொப்புளம் கொப்புளமா எழும்பும். எங்க ஊரு மெக்கானிக் காக்கா (எங்க பக்கம் அண்ணனக் கூப்புடுறது அப்படித்தான்) கிட்ட "காக்கா, ஃப்ரேமுக்கு பவுடர் கோட்டிங் குடுத்துரலாமா"ன்னு கேட்டேன். "வீட்டு கேட்டுக்கு குடுங்க தம்பி, இதுக்கு வேணாம்"னுட்டாரு. ஒரு கல்லு பட்டு ஒரு பொட்டு உரிஞ்சாலும் அதுக்குள்ள ஈரம் பூந்து தோலுக்கு அடியிலயே துரு ஓடும், வெளிய தெரியறப்ப உள்ள ஒண்ணும் இருக்காது. பழைய பெயிண்ட்டுன்னா துரு மூஞ்சிக்கு நேரா தெரியும், தேச்சு கொஞ்சம் ப்ரைமர் வச்சுட்டுப் போயிரலாம். அடிப்பக்கம் பூரா வேஸ்ட் ஆயில் அடிச்சு விட்டுருக்கேன், அசிங்கமாத்தான் இருக்கும், வேட்டியில ஒட்டும், வீட்டுல ஏச்சு விழும்.

ஓட்டுறதுக்கு எப்படின்னா, சொகுசு. வெஸ்பாவுக்கு இஞ்சின் ஒரு பக்கமா தொங்கும், லேம்ப்ரெட்டாவுக்கு நடுவுல, அதனால பாம்பன் பாலத்து மேல காத்து பக்கவாட்டுல தள்ளுறப்ப வித்தியாசம் தெரியும். (வெஸ்பாக்காரங்க சண்டைக்கு வராதீங்க, உங்க பார்ட்ஸ் எல்லா ஊர்லயும் கெடைக்கும், அந்தப் பொறாமை எனக்கு இருக்கு.) 55, 60ல ஈசிஆர்ல நாள் பூரா போகலாம். பிரேக்க மட்டும் நம்பாதீங்க, டிரம்மு, அதுவும் மழையில பேருக்குத்தான் இருக்கு.

ராமநாதபுரம் மாவட்டத்துல இருந்துக்கிட்டு கருவை முள்ளப் பத்தி பேசாம எப்படி. பஞ்சர் ஆகாத மாசம் கெடையாது. நல்ல விஷயம், ரிம்மு ரெண்டு பாதியா கழலும், ஸ்பேனர் இருந்தா ரோட்டோரத்துலயே டியூப மாத்திரலாம். ஆனா காத்த முழுசா எறக்காம ரிம்மு நட்டுல கைய வைக்காதீங்க, வீல கழட்டுற நட்டு வேற, ரிம்ம பிரிக்கிற நட்டு வேற, குழப்பிக்கிட்டா பாதி ரிம்மு மூஞ்சிக்கு வரும். பின்னாடி வீலு ஈசி. முன்னாடி ஃபோர்க்கு ரெண்டு பக்கமும் புடிச்சிருக்கறதால கேபிளு, ஆக்சில்னு மொத்தமா எறக்கணும், தனுஷ்கோடி ரோட்டுல வெயில்ல அந்த வேல பாத்தா தாவு தீந்துரும். 3.50-10 டயரு இன்னும் கெடைக்குது.

இஞ்சினுக்கு ஸ்பார்க் வர வைக்கிற பாயிண்ட் செட்டுக்கும் கடல் காத்துக்கும் ஆகாது, ரெண்டு வாரம் நிறுத்துனா காண்டாக்ட்ல பாசி மாதிரி பூத்து கிக்கர் மிதிச்சு முட்டி போயிரும். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதுக்கப்புறம் நிம்மதி. ஒரிஜினாலிட்டி போச்சுன்னு திட்டுறவங்க வந்து மிதிச்சுக் குடுத்துட்டு திட்டட்டும்.

புதுத் தலவலி இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்த இழுக்கும், நம்ம ஊரு காத்துல ஈரத்துக்கா பஞ்சம், டேங்குக்கு அடியில தண்ணி தங்கி உள்ளுக்குள்ளயே துரு வருது, பழைய ரப்பர் வாஷரு ஊறி கார்புரேட்டர் ஒழுகுது. அதனால இந்த டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்காக ஆயில் கலந்த பெட்ரோல டேங்குல ஊற வைக்காம ஓட்டித் தீத்துடுறேன், ஊருக்குப் போறதா இருந்தா வடிச்சுட்டுத்தான் போவேன்.

பேப்பர் விஷயம் ஒண்ணு. 50 வருஷம் தாண்டுனா 2021ல வந்த விதிப்படி விண்டேஜ்னு பதிஞ்சு நம்பர் பிளேட்டுல 'விஏ' வாங்கலாம், 20,000 ரூவா, பத்து வருஷத்துக்கு. கேக்க கெத்தா இருக்கும், ஆனா அப்புறம் அத தினம் ரோட்டுல ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்குன்னுதான் எடுக்கலாம். மீன் வாங்கப் போறவனுக்கு அது எதுக்கு? அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா சாதா ரினியூவல் போதும், ஆர்சி காலாவதியான வண்டிய "அதெல்லாம் பாத்துக்கலாம்"னு சொல்லி விக்கிறவன் கிட்ட மட்டும் வாங்காதீங்க.

யாராச்சும் இந்தப் பக்கம் வாங்க நெனச்சா கடலோரத்துல வாங்காம சிவகங்கை, காரைக்குடி பக்கம் தேடுங்க, அங்க துரு கம்மி. போறப்ப ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க, ஃபுட்போர்டுல ஒட்டலன்னா அது தகரம் இல்ல, பட்டி. ஃப்ளைவீல் புல்லர் (ஃப்ளைவீல இழுத்துக் கழட்டுற டூல்) இருக்கான்னு கேளுங்க, வண்டியோட சேத்து வாங்கிருங்க, தனியா தேடுனா அலைய வேண்டியிருக்கும். கியர் கேபிள் ரெண்டு செட்டு எப்பவும் டூல் பாக்ஸ்ல கெடக்கட்டும்.