பழைய வேனுக்குப் பனிக்கால டயர்: நான்கு குளிர்காலங்களின் அனுபவம்

என் வேன் பின்சக்கர இயக்கம் கொண்டது. சறுக்கலைத் தடுக்கும் மின்னணு வசதி எதுவும் இல்லாத பழைய வண்டி. சுமை இல்லாதபோது எடையில் பெரும்பகுதி முன்பக்கமே இருப்பதால், உறைந்த ஏற்றத்தில் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். ஆகவே முதல் குளிர்காலத்தில் பின்னால் மட்டும் இரண்டு பனிக்கால டயர்களைப் போட்டேன். கடைக்காரரும் இரண்டே போதும் என்றார். ஏற்றம் சுலபமாயிற்று. ஆனால் ஓர் இறக்கத்து வளைவில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தும் வேன் நேராகவே வழுக்கிக்கொண்டு போய் ஓரத்துப் பனிமேட்டில் முட்டி நின்றது. திருப்பமும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரங்களைச் சார்ந்தவை என்பது அன்றுதான் உறைத்தது. மறுவாரமே நான்கையும் ஒரே ரகமாக மாற்றினேன்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும், சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று பொருள்படும் 'எம்+எஸ்' என்ற எழுத்துகளை நம்பி வாங்க வேண்டாம். அது பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் மேடுகளின் அமைப்பைப் பற்றித் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது. மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி, சோதனையில் தேறிய டயருக்கே கிடைக்கும். ஆனால் அந்தச் சோதனை நடப்பது வெண்பனியில்தான், கட்டிப்பனியில் அன்று. கட்டிப்பனியில் கைகொடுப்பவை இளகிய ரப்பரும் பட்டன்களில் நெருக்கமாக இடப்பட்ட மெல்லிய கீறல்களுமே. கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். கடுங்குளிரைவிட பூஜ்ஜியத்தை ஒட்டிய நாள்களில்தான் எனக்குப் பயம் அதிகம். அப்போது பனிக்கட்டியின் மேல் நீர்ப்படலம் பரவி, எந்த டயரும் தடுமாறுகிறது.

வேனுக்கு அளவு பொருந்தினால் மட்டும் போதாது. அளவுக்குப் பின்னால், சுமை வண்டிக்கான டயர் என்பதைக் காட்டும் 'சி' என்ற எழுத்தும், டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் குறிக்கும் சுமைக் குறியீட்டு எண் வண்டியின் கையேடு சொல்லும்படியும் இருக்க வேண்டும். ஆணி பதித்த டயர் கட்டிப்பனியில் நன்றாகப் பிடிக்கும் என்றாலும், உலர்ந்த சாலையில் அதன் இரைச்சல் எனக்கு ஒத்துவரவில்லை. சில நாடுகளில் அதற்குத் தடையும் உண்டு.

வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் காற்றழுத்தமும் சுமார் 2 பி.எஸ்.ஐ. இறங்குவதால், குளிர் கூடும் வாரங்களில் காற்றைச் சரிபார்க்கிறேன். பின் அச்சுக்கு நேர்மேலே இரண்டு மணல் மூட்டைகளை, நகராதபடி கட்டி வைத்திருக்கிறேன்.

நான்காம் குளிர்காலத்தில் பட்டன் இன்னும் 5 மில்லிமீட்டர் இருந்தது. ஆயினும் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடியிருந்தது. ஒரு காலையில் பட்டனில் நகத்தை அழுத்திப் பார்த்தேன். முன்பு பதிந்த நகம் இப்போது பதியவில்லை. புதிய டயர் வாங்கும்போது, 23 19 என்றிருந்தால் 2019-இன் 23-ஆம் வாரம் என்று பொருள்படும் அந்த நான்கிலக்கத் தயாரிப்பு எண்ணைத்தான் முதலில் குனிந்து பார்த்தேன்.