சின்னப் பைக்கு எந்த வாய் சரி: நாடாவா, மடிப்பா, ஜிப்பா?

சாவி, மாத்திரை அட்டை, சார்ஜர் வயர், பேனா எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கச் சின்னப் பை தைப்பவர்கள் பெரும்பாலும் துணியைத்தான் முதலில் தேடுகிறார்கள். முதலில் முடிவாக வேண்டியது பையின் வாய். உள்ளே போடுவதில் எது மிகச் சிறியதோ, அது வெளியே விழாத வாய்தான் சரியான வாய். கீழுள்ள மூன்றும் தைத்து முடித்ததும் 20 செ.மீ. அகலம் வரும், தையலுக்கு 1 செ.மீ. விட்ட கணக்கு.

சுருக்குப்பை தைக்க மிக எளிது. 22×26 செ.மீ. துண்டுகள் இரண்டு போதும். நல்ல பக்கங்களை உள்ளே வைத்து அடியையும் பக்கங்களையும் தைக்கும்போது, மேலே 5 செ.மீ. இருபுறமும் தைக்காமல் விட வேண்டும். அந்தத் திறப்பின் ஓரங்களை மடித்து அடித்து, மேல் விளிம்பை 1 செ.மீ., பிறகு 2 செ.மீ. மடித்துத் தைத்தால் நாடா ஓடும் வழி கிடைக்கும். 60 செ.மீ. நாடா இரண்டு எடுத்து, ஒன்றை இடப்பக்கம் நுழைத்து முழுச் சுற்று வந்து இடப்பக்கமே எடுங்கள். மற்றதை வலப்பக்கம் அப்படியே. ஒரே நாடா போட்டால் வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொள்ளும். ஜீன்ஸ் போன்ற தடித்த துணி சுருங்காது, நடுவில் ஓட்டை நிற்கும். மெல்லிய துணியிலும் கொஞ்சம் நிற்கத்தான் செய்யும்; வயர், இயர்போனுக்குச் சரி, நாணயத்துக்கும் பேனாவுக்கும் சரியல்ல.

மடிப்புப் பை அட்டைகள், ரசீதுகள், நாப்கின் போன்ற தட்டையான பொருட்களுக்கானது. வெளித்துணி, லைனிங் (உள்துணி) இரண்டும் 22×34 செ.மீ.; நல்ல பக்கங்களைச் சேர்த்துச் சுற்றித் தைத்து, ஒரு குட்டைப் பக்கத்தில் 7 செ.மீ. விட்டுத் திருப்புங்கள். அந்த விளிம்பைத் தைத்து மூடி, 12 செ.மீ. மேலே மடித்துப் பக்கங்களை அடித்தால், 8 செ.மீ. மூடி மிஞ்சும். பிரஸ் பட்டன் வைக்குமிடத்தில், திருப்புவதற்கு முன்பே துணியின் பின்னால் ஒரு துண்டு கேன்வாஸ் ஒட்டாவிட்டால், திறக்கத் திறக்கத் துணி கிழியும். வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் நூலையும் தூசியையும் பிடித்துப் பிடிப்பிழக்கும். எப்படி மூடினாலும் மூடியின் இரு ஓரமும் திறந்தவைதான். சாவி நழுவ அது போதும்.

தினம் தூக்கிப்போகும் கலவைப் பொருட்களுக்கு ஜிப்தான் சரி. கடினம் என்ற பயம் அதன் உண்மையான கஷ்டத்தைவிடப் பெரிது. வெளித்துணி 2, லைனிங் 2, எல்லாம் 22×15 செ.மீ. கத்தரியால் வெட்ட முடிகிற நைலான் ஜிப் எடுங்கள். அதை 19 செ.மீ.க்கு வெட்டி, இரு முனையிலும் துணிப்பட்டி தைத்து 22 ஆக்குங்கள். இதைத் தவிர்த்துப் பல்வரிசையைப் பக்கத் தையலுக்குள் நுழைத்தால் மூலை முண்டாக நிற்கும், ஊசியும் உடையலாம்.

நல்ல பக்கம் மேலே பார்த்த வெளித்துணி, அதன்மேல் கவிழ்த்த ஜிப், அதன்மேல் கவிழ்த்த லைனிங். மூன்றையும் குண்டூசிக்குப் பதில் கைத்தையலால் ஓட்டிவிட்டு, மெஷினில் ஜிப் ஃபுட் (ஜிப் ஓரமாகத் தைக்க உதவும் ஒடுங்கிய பாதம்) போட்டு 6 மி.மீ.யில் தையுங்கள். ரன்னர் (ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் பிடி) அருகே தையல் கோடு வளையத்தான் பார்க்கும். ஊசி துணிக்குள் இருக்கும்போதே நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, ரன்னரைப் பின்னால் தள்ளிவிட்டுத் தொடருங்கள். துணிகளைத் திருப்பி இஸ்திரி போட்டு, ஜிப் ஓரமாக 3 மி.மீ.யில் மேல்தையல் அடித்தால்தான் லைனிங் பல்லில் மாட்டாது. மறுபக்கமும் இதேதான்.

இனி வெளித்துணியோடு வெளித்துணி, லைனிங்கோடு லைனிங் என நல்ல பக்கங்களைச் சேர்த்துச் சுற்றித் தைக்க வேண்டும்; அதற்கு முன் ஜிப்பைப் பாதி திறந்துவையுங்கள். மூடியபடி தைத்தால் பையைத் திருப்ப வழியில்லை. திருப்பும் வாய் லைனிங்கின் அடியில், 8 செ.மீ. இருக்கட்டும்.

பை தானாக நிற்க வேண்டுமென்றால், திருப்புவதற்கு முன் வெளித்துணி, லைனிங் இரண்டிலும் அடிமூலைகளை முக்கோணமாக இழுத்து, கோடு 4 செ.மீ. நீளம் வரும் இடத்தில் குறுக்கே தையுங்கள். உயரத்தில் 2 செ.மீ. குறையும், அதனால் வெட்டும்போதே 15க்குப் பதில் 17 வையுங்கள்.