அபிஸ்கோ முகாம்: பிள்ளைகளோடு துருவ ஒளி பார்க்க நல்ல இடமா?

நோர்வேயின் நார்விக்கில் இருந்துகொண்டு துருவ ஒளி பார்க்க ஏன் சுவீடனுக்குப் போகிறாய் என்று கேட்டவர்களுக்கு என் பதில்: மேகம். கடலில் இருந்து வரும் ஈரக்காற்று எங்கள் பக்க மலைகளில் முட்டி இங்கேயே மழையைக் கொட்டிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அபிஸ்கோவுக்கு மிச்சம்தான் போகும். அங்கே வருடத்துக்குச் சுமார் 300 மில்லிமீற்றர் மழைதான். ஈ10 வீதியில் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் ஓட்டம். எல்லை தாண்டும்வரை வைப்பர் போட்டபடியே போனோம். அபிஸ்கோவில் நீல வானம்.

அபிஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, குறித்த இடங்களில் மட்டும்தான். சின்னப் பிள்ளைகள் இருப்பதால் நாங்கள் சுவீடன் சுற்றுலாச் சங்கத்தின் மலை விடுதியை ஒட்டிய முகாமிடத்தையே எடுத்தோம். பொதுச் சமையலறையும் சுடுநீர்க் குளிப்பும் உண்டு. மனுசி புட்டு அவித்தபோது பக்கத்து அடுப்பில் நின்ற ஒருவர் சம்பலையும் கொஞ்சம் ருசி பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

நாங்கள் போனது செப்ரெம்பர் நடுப்பகுதியில். என்னைக் கேட்டால் குடும்பத்தோடு போவதற்கு அதுதான் சரியான காலம். நுளம்பு இல்லை, குட்டை பேர்ச் மரங்கள் எல்லாம் மஞ்சளும் சிவப்பும். இரவு ஒன்பதரை ஆனால் போதிய இருட்டு. தோர்னெத்ரெஸ்க் ஏரி இன்னும் உறையாததால் ஒளி தண்ணீரிலும் விழும். இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டி துருவ ஒளி கூடுதலாக ஆடும் என்பதும் ஒரு காரணம்.

முதலில் வடக்கே ஒரு மங்கல் பட்டைதான் தெரிந்தது. “அப்பா, பச்சையே இல்லை, புகை மாதிரிக் கிடக்கு” என்றான் மகன். மங்கலான ஒளியில் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, கமராவுக்குப் பிடிபடும். நான் வைத்த அளவுகள்: 14 மிமீ லென்ஸ், எஃப் 2.8 (ஒளி புகும் திறப்பு), ஐஎஸ்ஓ 1600 (ஒளி உணர்திறன்), கமரா திறந்திருக்கும் நேரம் 10 செக்கன். கமராத் திரையில் பச்சையைக் கண்டதும் பிள்ளைகள் இரண்டு பேரும் முக்காலியைச் சுற்றிக் குதித்ததில் அடுத்த சில படங்கள் ஆடிப்போயின. ஒளி வேகமாக ஆடத் தொடங்கினால் நேரத்தை 4 செக்கனுக்குக் குறைத்து ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஒளியின் திரைச்சீலை போன்ற மடிப்பெல்லாம் கரைந்து பச்சைக் குழம்பாகிவிடும். ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிக் குவியம் பிடித்து, அது அசையாதபடி லென்ஸ் வளையத்தில் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். மேலதிக பற்றரி குளிர் படாமல் உடுப்புக்குள் இருக்கட்டும்.

படம் எடுக்க ஏரிக்கரைதான் என் தெரிவு. தென்கிழக்கே லப்போர்த்தன் பள்ளத்தாக்கு, மலையை யாரோ அகப்பையால் வழித்தெடுத்த மாதிரி. பாதி நிலவு இருந்தால் அந்தப் பள்ளத்தாக்கும் படத்தில் துலங்கும். நுவோல்யா மலையில் சுமார் 900 மீற்றர் உயரத்தில் ஒளி பார்க்கும் நிலையம் இருக்கிறது. கம்பியில் தொங்கும் கதிரை லிஃப்ற்றில் ஏறிப் போகவேண்டும். நல்ல இடம் என்கிறார்கள். ஆனால் தூங்கி விழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதற்குக் காசு கொடுப்பதைவிட, கூடாரத்து ஸிப்பைத் திறந்து பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஒரே குறை, நித்திரைப் பைகள். முகாமிடத்தைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தவை. மைனஸ் 5 தாங்கும் என்று சொல்லித் தந்தார்கள். அது குறண்டிப் படுத்துச் சமாளிக்கும் எல்லை, சுகமாகத் தூங்கும் அளவு அல்ல. விடிய கூடாரத்தில் உறைபனி, மனுசி முகத்தில் அதைவிடக் குளிர். பையின் உள்லேபிளில் இந்த வெப்பநிலைகள் தனித்தனியே போட்டிருக்கும், சுகமாகத் தூங்கும் அளவைப் பார்த்து எடுங்கள்.

கார் இல்லாதவர்கள் நார்விக்கில் இருந்து ரயிலில் வரலாம். அபிஸ்கோ தூரிஸ்ட்ஸ்டேஷன் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் விடுதி பக்கத்திலேயே. அடுத்த நிறுத்தமான அபிஸ்கோ எஸ்த்ரா ஊர்ப் பக்கம். அதுவரை போய்விட்டால் கூடாரத்தைச் சுமந்துகொண்டு திரும்பி நடக்க வேண்டும்.